நாலு லட்சம் போச்சு: ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல், டயர் சைஸ் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நாலு லட்சம். எழுதும்போதே வயிறு எரிகிறது. நிசான் ஜிடி-ஆர் ஆர்35 வைத்திருக்கிறேன். அதற்கு வீலும் டயரும் மாற்றித் தருகிறோம் என்று நாலு லட்சம் வாங்கிக்கொண்டு, ஓட்டவே கூடாத நிலையில் காரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. ஆன்லைனில் பளபளவென்று வீடியோ போட்டு ஆள் பிடித்து, சொந்த ஷெட்டில் வைத்துப் பொருத்தியும் கொடுக்கும் வீல்-டயர் கடை என்பது மட்டும் போதும். இந்த மாதிரிக் கடைகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. டயர் தேய்ந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும். போடுவதுதான் போடுகிறோம், பின்னால் இன்னும் கொஞ்சம் அகலமாகப் போட்டால் பிடிப்பு கூடுமே என்று கேட்டேன். இந்தக் காருக்குக் கம்பெனியில் வருவது முன்னால் 255/40, பின்னால் 285/35 டயர் (முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது), இரண்டுக்கும் ரிம் 20 இஞ்ச். இதைத் தெளிவாகச் சொன்னேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதையும் சொன்னேன்.

கடையில் அளவு பார்த்த ஆள் பேசிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை. முதலில் காரைச் சுற்றி வந்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, டேப்பை வைத்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டு) இடைவெளியை அளந்தார். "டிராக்கில் ஓட்டுவீங்களா, ரோட்டில் மட்டும்தானா?" என்று கேட்டார். பிரேக் காலிப்பரை, அதாவது பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தை, தொட்டுக் காட்டி, "இதுக்கு இடம் விட்டு உள்ளே வர்ற ரிம் எல்லாம் கிடைக்காது சார், எங்ககிட்ட இருக்கு" என்றார். போல்ட் அமைப்பு 5x114.3 (ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ.) என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். லேப்டாப்பைத் திறந்து ஏதோ கணக்குப் போட்டு, பச்சை நிறத்தில் வந்த எண்ணைக் காட்டி, "பாருங்க, எல்லாமே லிமிட்டுக்குள்ளேதான் இருக்கு. இதே காரில் நான் செஞ்சிருக்கேன். எதுவா இருந்தாலும் நான் பொறுப்பு" என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. நான் பொறுப்பு.

அப்புறம்தான் விலை வந்தது. காரின் அசல் வீல்களை எடுத்துக்கொண்டு அதன் மதிப்பைக் கழித்து, மீதி நாலு லட்சம். அசல் வீல்கள் ஃபோர்ஜ் செய்தவை, அதாவது உலோகத்தை அழுத்தி உருவாக்கியவை. ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் சொரசொரப்பாகப் பல் வெட்டியிருக்கும். இன்ஜினின் இழுவையில் ரிம் ஒரு பக்கமும் டயர் ஒரு பக்கமுமாக வழுக்காமல் இருக்க நிசான் செய்த வேலை அது. "அதெல்லாம் பழைய டிசைன், இது அதைவிட லேசு" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கே நாலு லட்சத்தையும் முழுசாகக் கட்டினேன்.

பொருத்திக் கொடுத்த டயர் முன்னால் 265/35, பின்னால் 305/35. பார்க்கக் கார் அட்டகாசமாகத்தான் இருந்தது. கடையை விட்டு வெளியே வந்து மெதுவாக வளைத்துத் திருப்பும்போதே அடியில் யாரோ பிடித்து இழுப்பது போல ஒரு விக்கல். டயர் காற்றழுத்த விளக்கு எரிந்தது. ஏன் என்றால், சென்சார்களைப் பழைய வீலிலிருந்து கழற்றி மாற்றவே இல்லை! நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், நாலு சக்கர இழுவை என ஒவ்வொரு விளக்காக எரிந்தது. அந்த வேகத்தில், பக்கத்தில் லாரி போய்க்கொண்டிருக்கும்போது, டேஷ்போர்டு முழுக்க மஞ்சள் விளக்கு எரிந்தால் எப்படி இருக்கும்!

போன் செய்தேன். "புது டயர் சார், மேலே பூச்சு இருக்கும், கொஞ்சம் ஓட்டினா செட் ஆயிடும்." சரி என்று ஓட்டினேன். ஆகவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "பேலன்சிங் பார்த்துடலாம், கொண்டு வாங்க." கொண்டு போனேன். ரிம்மில் இரண்டு ஈயத்துண்டு ஒட்டி அனுப்பினார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்த தடவை, "சென்சார் பிரச்சனை, கார் கம்பெனி சர்வீசுக்குப் போய் லைட்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்க." அதற்கடுத்து அளவு பார்த்த ஆள் லீவு, ஓனர் வெளியூர். மெசேஜ் போட்டால் படித்ததற்கான நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் யாரோ ஒரு பெண் கூப்பிட்டு, "பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு பில்லின் பின்பக்கம் போட்டிருக்கு சார், வேணும்னா அடுத்த செட்டுக்கு டிஸ்கவுண்ட் தர்றோம்" என்றார். அடுத்த செட்டா? நாலு லட்சத்துக்கு ஒரு செட் வாங்கி நான் படுகிற பாடு போதாதா? நான் பொறுப்பு என்று சொன்னவர் எங்கே?

வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். இந்த மாதிரிக் கார்களையே பார்ப்பவர். டயரின் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணைப் படித்ததுமே காரை லிஃப்டில் ஏற்றச் சொன்னார். அவர் சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன், எல்லோரும் போட்டுப் பார்க்கலாம். டயரின் அகலத்தை அதற்கு அடுத்து வரும் சதவீதத்தால் பெருக்கினால் பக்கச்சுவரின் உயரம். அதை இரண்டால் பெருக்கி ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால் மொத்த விட்டம். 20 இஞ்ச் ரிம் என்றால் 508 மி.மீ. கம்பெனி அளவில் முன் டயர் 712 மி.மீ., பின் டயர் 707.5 மி.மீ. கிட்டத்தட்ட சமம். ஒரு கிலோமீட்டர் ஓடினால் முன்சக்கரம் சுமார் 447 சுற்று, பின்சக்கரம் சுமார் 450 சுற்று.

எனக்குப் போட்டுக் கொடுத்ததில் முன் டயர் 693.5 மி.மீ., பின் டயர் 721.5 மி.மீ. அதாவது முன்னால் 459 சுற்று, பின்னால் 441. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 சுற்று வித்தியாசம், 4 சதவீதம்! இந்தக் காரில் கியர்பாக்ஸ் பின்னால் இருக்கிறது, அங்கிருந்து தனி ஷாஃப்ட் வழியாக முன்சக்கரத்துக்கு இழுவை வருகிறது, எவ்வளவு வர வேண்டும் என்பதை ஒரு கிளட்ச் தீர்மானிக்கிறது. நேர் ரோட்டில் போகும்போதே முன்சக்கரம் வேகமாகச் சுற்றினால் ஏதோ வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது, கிளட்ச் ஓயாமல் உராய்கிறது, சூடாகிறது. "இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் வேகமா நடந்தா நுகத்தடி என்ன ஆகும்?" என்று கேட்டார் அந்த மெக்கானிக். கியர்பாக்ஸ் எண்ணெயை இறக்கிக் காட்டினார். கறுத்துப் போய், கருகிய வாடை. கிளட்ச் தகடுகள் எவ்வளவு போயிருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அந்தச் செலவு தனி. இந்த நாலு லட்சத்தில் சேராது.

அதோடு முடியவில்லை. என் காரின் ஹப், அதாவது சக்கரம் மாட்டும் நடுக்குமிழ், 66.1 மி.மீ. இவர்கள் போட்ட ரிம்மின் நடு ஓட்டை 73.1 மி.மீ. இடையில் போட வேண்டிய வளையம் இல்லை. சக்கரம் ஹப்பின் மேல் உட்காராமல் நட்டின் பிடியில் மட்டும் நிற்கிறது, அதனால்தான் எத்தனை ஈயத்துண்டு ஒட்டினாலும் நடுக்கம் போகவில்லை. முன்னால் கம்பெனி ரிம் 9.5 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 45 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு; குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும்). இவர்களுடையது 10 இஞ்ச், ஆஃப்செட் 30. வெளி விளிம்பு 21 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. வளைவில் கார் அமுங்கும்போது ஃபெண்டரின் உதடு டயரைச் சீவியிருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன், ரப்பர் துணுக்குத் துணுக்காக வந்தது. டேப்பை வைத்து இந்த இடத்தைத்தானே அளந்தார்கள்!

இன்னொன்று. அசல் டயர்கள் காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட். அதனால் இந்தக் காரில் ஸ்டெப்னியே கிடையாது. இவர்கள் போட்டது சாதாரண டயர். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரியில் குடும்பத்தோடு போய் நடுரோட்டில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது? வேகக் குறியீடும் டபிள்யூ, அதாவது 270 கி.மீ. வரைதான். கம்பெனி போட்டது 300-க்கு மேல் தாங்குவது. நான் அந்த வேகத்தில் போகிறேனா இல்லையா என்பது வேறு விஷயம், காருக்கு உரியதைக் கொடுக்க வேண்டுமா இல்லையா?

காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்த அளவு டயர்தான் கடையில் தேங்கிக் கிடந்தது, என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, என் பழைய வீலையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். விற்றுவிட்டோம் என்கிறார்கள். சென்சாரோடு சேர்த்து! நாலு லட்சமும் இல்லை, அசல் வீலும் இல்லை, கார் லிஃப்டில் நிற்கிறது.

விரிவாக ஒரு வழிகாட்டியே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு நிலைகொள்ளவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

நாலு சக்கர இழுவைக் காராக இருந்தால் முன், பின் விட்டத்தை மேலே சொன்ன கணக்கில் நீங்களே போடுங்கள். கம்பெனி அளவில் முன்னுக்கும் பின்னுக்கும் என்ன விகிதமோ அதை ஒட்டியே இருக்க வேண்டும். விலகினால் பணம் கொடுக்காதீர்கள். லேப்டாப்பில் பச்சை எண் காட்டினால் அது எந்த எண் என்று கேளுங்கள். எனக்குக் காட்டியது ஒவ்வொரு டயரையும் அதனதன் பழைய டயரோடு ஒப்பிட்ட எண், முன்னையும் பின்னையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

நடு ஓட்டை, ஆஃப்செட், சுமை எண் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான எண்), வேகக் குறியீடு எல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

முழுப் பணத்தை ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். அசல் வீலை என்ன விலை சொன்னாலும் கொடுக்காதீர்கள், வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

பில், மெசேஜ், மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி முன்னால் 265/35, பின்னால் 305/35 போட்டு யாருக்காவது ஜிடி-ஆர் கொடுத்திருந்தால், இன்றைக்கே காரை நிறுத்திவிட்டு கியர்பாக்ஸ் எண்ணெயை இறக்கிப் பாருங்கள்.