ராமேஸ்வரம் போறவங்க கவனத்துக்கு: "மெழுகு சிலை மியூசியம்"னு ஆட்டோல கூட்டிட்டுப் போனா உள்ள போகாதீங்க

ராமேஸ்வரத்துக்கு குடும்பத்தோட போற பிளான் இருக்கிறவங்க இதை முழுசா படிச்சுட்டு கிளம்புங்க. அந்த இடத்தோட பேரை நான் போடல, போர்டை மாத்திட்டு நாளைக்கே வேற பேர்ல நடத்துவாங்க, அதனால எப்படி மாட்ட வைக்கிறாங்கன்னு அடையாளம் மட்டும் சொல்றேன்.

நாங்க அப்பா அம்மா, நான், வீட்டுக்காரி, பசங்க எல்லாரும் ட்ரெயின்ல போயிருந்தோம். அக்னி தீர்த்தம், உள்ள 22 தீர்த்தம், தரிசனம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதுல ஒரு குறையும் இல்ல. அப்பா ரிட்டயர்ட் சயின்ஸ் வாத்தியார், கலாம் சார் மேல அவருக்கு அவ்வளவு மரியாதை, ஊர்ல இருந்து கிளம்பும்போதே பேய்க்கரும்புல இருக்கிற நினைவிடத்துக்குப் போகணும்னு சொல்லிட்டே வந்தாரு. கோயில் பக்கம் நின்ன ஆட்டோக்காரர்கிட்ட கேட்டா, "ஐயா இன்னைக்கு அங்க லீவு, உள்ள பெயிண்டிங் வேலை நடக்குது. இங்க பக்கத்துலயே மெழுகு சிலை மியூசியம் இருக்கு, லண்டன்ல இருக்கிற மாதிரியே, கலாம் ஐயாவ உசுரோட பாத்த மாதிரி இருக்கும்"னு சொல்லி ஏத்திட்டாரு. நினைவிடம் லீவுன்னு சொன்னது சுத்தப் பொய். அது பின்னாடி வருது.

டிக்கெட் பெரியவங்களுக்கு 250, பசங்களுக்கு 200. பில் கேட்டா இல்ல, பேரும் இல்லாம விலையும் இல்லாம ஒரு கலர் டோக்கன் கிழிச்சுக் கொடுத்தாங்க. ஜிபேல கட்டினேன், மியூசியம் பேர் வரல, யாரோ ஒருத்தரோட சொந்தப் பேர் வந்துச்சு. போன்ல போட்டோ எடுக்கணும்னா தனியா 100 ரூபாய், அதுவும் உள்ள நுழைஞ்ச பிறகுதான் சொல்றாங்க.

உள்ள தகரக் கூரை, ரெண்டு மூணு டேபிள் ஃபேன், ஏசி கிடையாது. அந்த வெக்கையில பசங்க மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. காந்தி, விவேகானந்தர், ரஜினி, விஜய், தோனின்னு வரிசையா நிக்க வெச்சிருக்காங்க, கீழ எழுதியிருக்கிறத படிச்சாத்தான் யாருன்னு தெரியுது. எல்லாம் துணிக்கடை பொம்மை, மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. என் சின்னவன் தோனியோட கையைத் தொட்டான், பிளாஸ்டிக் சத்தம் கேட்டுச்சு.

கலாம் சார் சிலைதான் எனக்கு இன்னும் மனசு ஆறல. அவரோட முடியை நம்ம ஊர்ல சின்னப் புள்ளயும் வரைஞ்சு காட்டும், நடு வகிடு எடுத்து ரெண்டு பக்கமும் காதை மூடி இறங்குற வெள்ளி முடி. இங்க ஒரு கறுப்பு விக்கை எடுத்து வெள்ளை பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, கட்டி கட்டியா ஒட்டிட்டு நிக்குது. நெத்தியில விக்கோட ஓரம் தூக்கிக்கிட்டு, அதுக்கு அடியில காஞ்ச பசை மஞ்சளா தெரியுது. வலது கை சுண்டு விரல் உடைஞ்சிருக்கு, செலோடேப் சுத்தி வெச்சிருக்காங்க. கோட்டுல பட்டன் இல்லாத இடத்துல ஊக்கு. அப்பா கொஞ்ச நேரம் பாத்தாரு, "அவரு பொறந்த ஊர்லயே அவரை இப்படி நிக்க வெச்சு காசு வாங்குறாங்களேப்பா"ன்னு சொல்லிட்டு வெளிய போய் உக்காந்துட்டாரு.

மெழுகு சிலைன்னா எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும், மச்சான் சிங்கப்பூர்ல இருக்கப்போ சென்டோசால இருக்கிற மேடம் டுசாட்ஸ்க்குக் கூட்டிட்டுப் போனான். மேரி டுசாட்னு ஒரு அம்மா 1835ல லண்டன் பேக்கர் தெருவுல நிரந்தரமா ஆரம்பிச்சது அது. முதல்ல களிமண்ணுல தலையைச் செஞ்சு, அதுக்கு அச்சு எடுத்து, அதுல உருக்கின மெழுகை ஊத்துவாங்க. முடியை ஊசி வெச்சு ஒவ்வொண்ணா சொருகுவாங்க, ஒரு தலைக்கே வாரக்கணக்கா ஆகும். உடம்பு ஃபைபர்ல இருக்கும், அது தப்பில்ல, அங்கயும் அப்படித்தான், ஆனா முகமும் கையும் மெழுகா இருக்கணும். தேன்மெழுகு 62 டிகிரி பக்கத்துல உருகும், அதுக்கு ரொம்ப முன்னாடியே இளக ஆரம்பிச்சிரும், அதனாலதான் ஏசி போட்டு வெக்கிறாங்க. ராமநாதபுரம் வெயிலுக்கு தகரக் கூரைக்கு அடியில ஃபேன் காத்துல ஒரு மெழுகு முகம் ஒரு கோடை தாங்குமா? ஏசி இல்லைன்னாலே அங்க மெழுகு இல்லைன்னு முடிவு பண்ணிக்கலாம்.

வெளிய வர்ற வழியில இன்னொண்ணு. ஒரு பையன் நம்மள கேக்காமலே போட்டோ எடுத்துட்டே வர்றான், கடைசியில பிரிண்ட் போட்டு டேபிள்ல வெச்சிட்டு ஒண்ணு 150ங்கிறாங்க. வேண்டாம்னா, "எடுத்தாச்சு சார், பேப்பர் காசாவது கொடுங்க"ன்னு வழியை மறிச்சு நிக்கிறாங்க. என் வீட்டுக்காரி சத்தம் போட்ட பிறகுதான் விட்டாங்க. இது மெழுகே இல்லையே, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டேன். கவுண்டர்ல இருந்தவர் நிமிர்ந்துகூட பாக்கல, "உள்ள போய் பாத்துட்டு வந்தாச்சுல்ல சார், அப்புறம் என்ன"ன்னாரு. போர்டுல மெழுகுன்னு எழுதியிருக்கேன்னா "மெழுகு பூசியிருக்கோம்"ங்கிறாரு.

டீக்கடையில விசாரிச்சப்போ சொன்னாங்க, ஆள் கொண்டு வந்து விட்டா ஆட்டோவுக்கு தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் இருக்காம். எல்லா ஆட்டோக்காரங்களும் அப்படி இல்ல, மறுநாள் எங்களை பேய்க்கரும்புக்குக் கூட்டிட்டுப் போன அண்ணன் நியாயமான வாடகைதான் வாங்கினாரு, விஷயத்தைக் கேட்டு அவருக்கே கோபம் வந்துச்சு, முந்தின நாளும் நினைவிடம் திறந்துதான் இருந்துச்சுன்னு அவர்தான் சொன்னாரு.

நினைவிடத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 2015 ஜூலை 30 கலாம் சாரை அடக்கம் பண்ணின அதே இடத்துல டிஆர்டிஓ (மத்திய அரசோட ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) கட்டி, 2017 ஜூலை 27 திறந்தாங்க. முகப்பு டெல்லி இந்தியா கேட் மாதிரி, உள்ள ராக்கெட், ஏவுகணை மாடல், அவர் வாழ்க்கையைச் சொல்ற படங்கள், வீணை வாசிக்கிற சிலைன்னு பாக்க நிறைய இருக்கு. அப்பா ஒவ்வொரு ஏவுகணை முன்னாடியும் நின்னு பேரனுக்கு அக்னி, பிருத்வின்னு விளக்கம் சொல்லிட்டு இருந்தாரு. பள்ளிவாசல் தெருவுல அவர் வீடும் இருக்கு, அதையும் பாருங்க.

"இன்னைக்கு லீவு"ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, லாட்ஜ்லயோ கடையிலயோ இன்னொருத்தர்கிட்ட கேட்டுக்கோங்க. எந்த மியூசியமா இருந்தாலும் பில் தருவீங்களா, போன் போட்டோவுக்குக் காசா, உள்ள ஏசி இருக்கான்னு வாசல்லயே கேளுங்க. பணத்தை கையில கொடுக்காம ஜிபேல கட்டுங்க, பில் இல்லைன்னாலும் அது ஆதாரம். வாசல் போர்டை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தப்பான விளம்பரமும் வருது.

நான் ஊருக்கு வந்ததும் 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணிட்டேன், போர்டு போட்டோ, ஜிபே ஸ்கிரீன்ஷாட் ரெண்டும் அனுப்பியிருக்கேன். அதுல சரியாகலைன்னா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடப் போறேன், 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்கு ஃபீஸ் கிடையாது. உங்கள்ல யாராவது இதே மாதிரி ராமேஸ்வரத்துல காசு விட்டிருந்தா உங்க ஜிபே ஹிஸ்டரில தேடிப் பாருங்க, கிடைச்சா நீங்களும் 1915ல ஒரு புகார் போடுங்க.