போலிப் பத்திரம்: 'ஃபேக்' என்பதா, 'ஃபோர்ஜ்டு' என்பதா?

நிலத் தகராறு தொடர்பான தமிழ்ப் புகார்களை ஆங்கிலமாக்கித் தரும்போது, 'போலிப் பத்திரம்' என்று வரும் இடமெல்லாம் 'ஃபேக்', 'போகஸ்', 'ஃபால்ஸ்', 'ஃபோர்ஜ்டு' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது. நான் 'ஃபோர்ஜ்டு' பக்கம் சாய்ந்தவன்.

'ஃபேக்' நகை முதல் சாமியார் வரை எதற்கும் ஒட்டும்; அதனாலேயே புகாரில் அதற்குப் பிடிமானம் இல்லை. 'போகஸ்' மனுவில் வசைபோல ஒலிக்கும்.

முடிவு செய்வது எதிர்ச்சொல்தான். 'ஃபால்ஸ்' என்பதன் எதிர் 'ட்ரூ'. பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மையா என்பதே அங்குக் கேள்வி. 'ஃபோர்ஜ்டு' என்பதன் எதிர் 'ஜெனுயின்'. எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படுபவர்தான் எழுதிக்கொடுத்தாரா என்பது இங்குக் கேள்வி. காலமான பாட்டனாரின் பெயரில் வேறொருவர் கைநாட்டு வைத்திருந்தால் அது ஃபோர்ஜ்டு. தமக்கு உரிமையில்லாத பத்து சென்ட் மனையை ஒருவர் தம் பெயரிலேயே கையெழுத்திட்டு விற்றிருந்தால், 'எனக்குப் பாத்தியப்பட்ட சொத்து' என்ற வாசகம் ஃபால்ஸ்; கையெழுத்தோ ஜெனுயின். அவ்வாறு தம் பெயரிலேயே எழுதிக்கொடுப்பது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 464ஆம் பிரிவின்கீழ்ப் பொய்யாவணம் புனைதல் ஆகாது, ஆகவே ஃபோர்ஜரியும் ஆகாது என்று முகமது இப்ராஹிம் எதிர் பீகார் மாநிலம் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஏமாற்றுக் குற்றம் என்று முறையிட வாங்கியவருக்கு வழியுண்டு, நிலத்தின் உரிமையாளருக்கு அவ்வழி இல்லை என்றும் கூறியது. ஆகவே சொல்லை மாற்றிப் போட்டால் புகாரின் அடித்தளமே மாறிவிடும்.

சட்டமே ஃபோர்ஜரியை விளக்குமிடத்தில் 'ஃபால்ஸ் டாக்குமென்ட்' என்ற தொடரை ஆள்வது சங்கடம்தான். அதனால் தம் பெயரிலேயே கையெழுத்திட்டு விற்ற இரண்டாம் வகைக்கு அத்தொடரைத் தவிர்த்து, பத்திரத்தின் உரிமை வாசகம் மட்டும் ஃபால்ஸ் என்று எழுதுகிறேன்.

'கவுன்டர்ஃபீட்' பத்திரத்துக்குப் பொருந்தாது. அது அசலைப் பார்த்து அச்சாகச் செய்த பொருளுக்கு உரியது. வங்கியில் பிடிபடும் கள்ள நோட்டின்மேல் குத்தும் முத்திரையில் அச்சொல்லே இருக்கிறது. போலி மருந்தை 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 'ஸ்பூரியஸ்' என்கிறது. அத்தகைய கோப்புகள் என்னிடம் அரிதாகவே வந்துள்ளன என்பதால் அதில் அழுத்திச் சொல்ல மாட்டேன். 'ஆத்தென்டிக்', 'ஜெனுயின்' இரண்டில் பத்திரத்துக்குப் பின்னதையே எடுக்கிறேன், இது பெரும்பாலும் பழக்கம்தான்.

புகார்தாரர் "போலி" என்றதும் நான் முதலில் கேட்பது, "கையெழுத்து யாருடையது?" என்பதே. அதற்கு விடை வரும்வரை ஆங்கிலச் சொல்லுக்கான இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைக்கிறேன்.