உயில் எழுத யாரிடம் போவது: பத்திர எழுத்தரா, வக்கீலா, இணையதளமா?

நெய்வேலியில் ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்களுக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் ஒரே சமயத்தில் கைக்கு வரும். ஏற்கெனவே கடலூரிலோ வடலூரிலோ ஒரு வீடு இருக்கும். எப்போதோ புதுச்சேரியில் பாகூர் பக்கம் வாங்கிப் போட்ட மனையும் இருக்கும். "எல்லாத்தையும் எழுதி வெச்சிடுங்க சார்" என்று நாலு பேர் சொல்வார்கள். யாரை வைத்து எழுதுவது என்று கேட்டால் மட்டும் நாலு பேரும் நாலு திசை காட்டுவார்கள்.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி எழுதுகிறவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் உயில் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் நீங்களே எழுதினாலும் போதும். அப்படியானால் நாம் காசு கொடுப்பது தாளுக்கு அல்ல, எழுதுகிறவர் கேட்கும் கேள்விகளுக்கு. மூன்று பேரையும் அதை வைத்தே அளக்கலாம்.

முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர். சொத்து விவரம் எழுதுவதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சர்வே எண், பரப்பு, செக்குபந்தி (நாலு பக்க எல்லை) எல்லாம் பிசகாமல் வரும். எதை எழுதினால் ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள் என்பதும் அத்துப்படி. செலவு குறைவு, ஒரே நாளில் வேலை முடியும்.

சிக்கல் வேறு இடத்தில். உயில் என்று வாயைத் திறந்தாலே, "அதெல்லாம் பின்னாடி கேஸாகும் சார், செட்டில்மெண்டே போட்டுடலாம்" என்று சொல்லும் எழுத்தர்கள் உண்டு. செட்டில்மெண்ட் என்றால் சொத்தை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இது 2023 ஜூலையில் உயர்த்திய கணக்கு. (புதுச்சேரி விகிதம் தனி.) பணம்கூடப் பெரிதில்லை. உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்; செட்டில்மெண்ட் பதிவானபின் நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது. பிள்ளை கவனிக்கவில்லையென்றால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்கு நடக்க வேண்டும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைப் பெற்றோருக்குச் சாதகமாக விளக்கியது உண்மைதான். இருந்தாலும் "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. கேட்டு எழுத வைக்காவிட்டால் அந்த வரி விட்டுப்போகலாம். என் கட்சி இதுதான்: குடியிருக்கும் வீட்டை உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் போடாதீர்கள்.

அடுத்து வக்கீல். கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் சிவில் வழக்கு, அதிலும் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவராகப் பாருங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி இடம் தராது. அதனால் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோர்ட்டில் உயில்கள் எப்படி உடைகின்றன என்று பார்த்தவருக்குத்தான் உடையாமல் எழுதத் தெரியும்.

நல்ல வக்கீல் முதலில் தாய் பத்திரத்தை, அதாவது சொத்து யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பழைய பத்திரத்தைக் கேட்பார். பூர்வீகச் சொத்தென்றால் உங்கள் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். மகளுக்கும் அதில் பங்குண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே வந்த உரிமை, 2005ல் நாடு முழுவதற்கும் ஆனது. அப்புறம், "பொண்ணுக்கு ஏன் ஒண்ணும் எழுதலை?" என்று கேட்பார். சங்கடமான கேள்விதான். காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை ஒதுக்கிய உயிலைக் கோர்ட் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டால் பாதிச் சண்டைக்கு வழியில்லை. மனைவிக்கு "ஆயுள்வரை அனுபவ உரிமை" என்று எழுதுவதிலும் கண்ணி இருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி அது வெறும் அனுபவமா, முழு உரிமையா என்று வருடக்கணக்காக வழக்கு ஓடியிருக்கிறது. இந்த இடத்தில் வார்த்தைக்கு வார்த்தை விலையுண்டு.

சாட்சி விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். கூட வாக்கிங் போகும் சம வயது நண்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். உயில் கோர்ட்டுக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர்கள் இருக்க வேண்டுமே. இருபது வயது இளையவர்களாக, உயிலில் ஆதாயம் இல்லாதவர்களாகப் பாருங்கள். இதைத் தானாகச் சொல்லும் வக்கீல், பெயர்பலகை புதியதாக இருந்தாலும் எனக்குப் போதும். பெரிய சீனியரிடம் போனால் எழுதப்போவது பெரும்பாலும் அவருடைய ஜூனியர்தான்.

இரண்டு ஆட்களைத் தவிர்க்கலாம். ஒருவர், சொத்தில் சதவீதம் கேட்பவர். வழக்கு முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதே பார் கவுன்சில் விதிக்கு விரோதம். இன்னொருவர், உயிலில் சொத்து பெறப்போகும் மகனே பிடித்து, பீஸும் அவனே கட்டும் வக்கீல். மகன் தங்கமானவனாக இருக்கலாம். ஆனால் ஆதாயம் பெறுகிறவர் முன்னின்று எழுத வைத்த உயில் என்று நாளை மகள் தரப்பு சொல்ல அது ஒன்றே போதும்.

இணையதள உயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வீடு, ஒரே வாரிசு என்றால் போதும். ஊரும் சமூகமும் அந்தப் படிவத்துக்குப் பெரும்பாலும் தெரியாது. பரங்கிப்பேட்டை முஸ்லிம் குடும்பமென்றால், மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் ஒரு முடிச்சு. 1881 ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன ரெனோன்சான் குடும்பங்கள், பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) பென்ஷன் குடும்பங்கள் எல்லாம் இங்கே உண்டு. பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளின் பங்கில் கைவைக்க முடியாது: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டென்றால் மூன்றில் இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் முக்கால் பங்கு. இதற்குக் கடலூர் வக்கீல்கூடச் சரிப்பட மாட்டார். பழைய பிரெஞ்சுப் பத்திரம் படித்துப் பழகிய புதுச்சேரி வக்கீல்தான் வேண்டும். பாகூர் மனை மட்டும் என்றால் இந்தப் பயம் இல்லை. இரண்டு ஊர்ச் சொத்துக்கும் ஒரே உயில் போதும், அந்தந்த ஊர் ஆவணப்படி விவரம் எழுதினால் சரி.

மூவரில் யாரிடம் போனாலும் வங்கிப் பாஸ்புக்கையும் டீமேட் விவரத்தையும் கொண்டு போங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறவர். அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பங்குகளுக்கும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

சொத்து எல்லாம் நீங்களே சம்பாதித்தது, பிள்ளைகளுக்குள் ஒற்றுமை என்றால் பத்திர எழுத்தரிடமே உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பூர்வீகம், இரண்டாம் திருமணம், பேச்சுவார்த்தை இல்லாத பிள்ளை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வக்கீல்தான். நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகாது. உள்ளே இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்றால், மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் பதிவுச் சட்டத்தில் வழியிருக்கிறது. மனம் மாறினால் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒப்படைத்த விஷயத்தை மட்டும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.