சுவிஸ் கம்பிவட ஊர்திப் பதிவேடு: பயன்படுத்திப் பார்த்ததில்

தண்டவாளத்தில் வடம் இழுத்து மலை ஏறும் விஞ்ச், வடத்தில் தொங்கிப் போகும் ரோப் கார் என்றால் எனக்குத் தனிப் பிரியம். அது தெரிந்தவர்கள் சுவிட்சர்லாந்து கிளம்பும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான்: அங்கே எதில் ஏறலாம்? எல்லோரும் போகிற கண்ணாடிக் கூண்டு வேண்டாம், பழைய வண்டி வேண்டும் என்பவர்களுக்கு என் பதிலும் ஒன்றுதான். விஞ்ச், ரோப் கார், நாற்காலி லிஃப்ட் என்று வடத்தில் ஓடும் எல்லாமே கம்பிவட ஊர்திதான்; டிக்கெட் போடுவதற்கு முன்னால் அந்நாட்டின் கம்பிவட ஊர்திப் பதிவேட்டை இணையத்தில் திறந்து ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படியுங்கள். காசு கிடையாது. கூட்டாட்சிக் கலாச்சார அலுவலகம் 2011இல் வெளியிட்டது. சில வருடங்களாக இதைப் பார்த்துத்தான் என் பயணங்களைத் திட்டமிடுகிறேன். அதனால் இதில் பதிவேட்டைப் பற்றியும் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏறி இறங்கிய வண்டிகளைப் பற்றியும் இருக்கும்.

இப்படி ஒரு பதிவேடு ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சுவிட்சர்லாந்தில் பயணிகளை ஏற்றும் கம்பிவட ஊர்திக்கு இத்தனை வருடம் என்று கணக்குப் போட்டு அனுமதி கொடுப்பார்கள். அந்தக் கெடு முடிந்தால் அன்றைய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப வண்டியை மாற்றியமைத்துப் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். பழைய இயந்திரத்தைச் சீர்செய்வதைவிட இடித்துவிட்டுப் புதியது போடுவதுதான் உரிமையாளருக்குப் பெரும்பாலும் சுலபம். ஆகவே ஒரு தலைமுறையில் கட்டிய ஊர்திகளெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் காணாமல் போகின்றன. ஒரு கோயிலோ கோட்டையோ யாரும் கவனிக்காவிட்டாலும் நூறு வருடம் அப்படியே நிற்கும். கம்பிவட வண்டிக்கு அந்த அவகாசம் கிடையாது, கெடு தேதி வந்தால் கதை முடிந்தது. எது அபூர்வம், எது தன் வகையில் கடைசி என்று அதற்குள் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் இந்தப் பதிவேடு செய்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வண்டியைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழு அமைப்பாகப் பார்ப்பது. கட்டட மரபுப் பட்டியல்கள் பலவற்றில் கீழ் நிலையத்தின் அழகான மர முகப்பைப் பற்றி அரைப் பக்கம் இருக்கும், உள்ளே சுழலும் கப்பியைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது. இங்கே நிலையம், கம்பம், கூண்டு, இயக்கும் இயந்திரம் எல்லாம் ஒரே பொருளாகக் கருதப்படுகின்றன. அதுதான் சரியான பார்வை. தண்டவாள விஞ்சின் அறிவு முழுவதும் ஒரே வடத்தின் இரண்டு முனைகளில் இரண்டு வண்டிகளைக் கட்டி, ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுவதில்தானே இருக்கிறது.

கீஸ்பாக் விஞ்சைப் பாருங்கள். பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து மேலே உள்ள ஓட்டலுக்குப் போகிறது. 1879இல் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. பார்க்கச் சின்ன வண்டிதான், ஆனால் நடுவழியில் இரண்டு வண்டிகளும் விலகும் இடத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள். ஒற்றைத் தண்டவாளம் அங்கே இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேர்கிறது. ரயில் பாதையில் இருப்பது போலத் தடம் மாற்றிவிடும் நகரும் முள் எதுவும் இல்லை. இந்த ஏற்பாட்டை உருவாக்கிய ரோமன் ஆப்ட் அப்போது முப்பது வயதைக் கூடத் தொடவில்லை. 1886இல் லுகானோ நகர விஞ்சில் இது முழு வடிவம் பெற்றது. வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்களுக்கு இருபுறமும் விளிம்பு உண்டு, அவை தண்டவாளத்தைக் கவ்வியபடியே ஓடும். மறுபக்கச் சக்கரங்கள் விளிம்பே இல்லாத அகலமான உருளைகள், குறுக்கே வரும் தண்டவாளத்தையும் வடம் போகும் இடைவெளியையும் அலட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடும். ஒரு வண்டி எப்போதும் வலப்பக்கமும் மற்றது எப்போதும் இடப்பக்கமும்தான் போகும். உலகில் எந்த ஊரில் இப்படி நடுவில் விலகும் விஞ்சில் நீங்கள் ஏறியிருந்தாலும், அநேகமாக இந்த யோசனையின் மேல்தான் உட்கார்ந்து போயிருப்பீர்கள். கீஸ்பாக் வண்டி முதலில் தண்ணீர்ப் பாரத்தில் ஓடியது, 1948இல் மின்சாரத்துக்கு மாறியது.

தண்ணீர் என்றதும் ஃப்ரிபூர் நகர விஞ்சுக்கு வந்தாக வேண்டும். எனக்கு ஒரே ஒரு வண்டியைத்தான் காட்ட அனுமதி என்றால் இதைத்தான் காட்டுவேன். 1899இல் திறந்தது, மேல் நகரத்தையும் ஆற்றோரக் கீழ் நகரத்தையும் இணைக்கிறது. நீளம் 121 மீட்டர், பயணம் இரண்டே நிமிடம். இதில் மோட்டார் இல்லை. மேலே நிற்கும் வண்டியின் அடியில் உள்ள தொட்டியில் மேல் நகரத்தின் கழிவுநீரை நிரப்புகிறார்கள், கிட்டத்தட்ட 3,000 லிட்டர் வரை பிடிக்கும். பாரம் கூடிய அந்த வண்டி இறங்கும்போது கீழே நிற்கும் வண்டியை மேலே இழுத்துக்கொள்கிறது. கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். ஊர் எப்படியும் கீழ்நோக்கி அனுப்ப வேண்டிய சாக்கடைத் தண்ணீர், போகிற வழியில் மனிதர்களை மலையேற்றிவிட்டுப் போகிறது!

முதல் தடவை ஏறியபோது நான் எதிர்பார்க்காதது அந்தச் சத்தம். மோட்டாரின் முனகல் இல்லை, தொட்டி நிரம்பும் ஓசை, பிரேக் தளரும் ஒரு சின்ன அதிர்வு, பிறகு வண்டி தானாக வழுக்கத் தொடங்குகிறது. வேகம் முழுக்க வண்டியோட்டியின் கையில், பிரேக்கில். வெயில் நாளில் வாடை வரும் என்று முன்பே சொல்லி அனுப்பினார்கள். லேசாக வந்தது, மறைக்கவில்லை. அந்த வாடையும் இந்த வண்டியின் வரலாற்றில் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். நாளைக்கே யாராவது மோட்டார் பொருத்தி, அதே பெட்டி, அதே நிறம், அதே மர இருக்கை என்று வைத்தாலும் மரபு என்று சொல்ல அதில் மிச்சம் எதுவும் இருக்காது.

ஸ்டான்ஸர்ஹார்ன் மலையைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1893இல் மூன்று கட்டமாகக் கட்டிய விஞ்ச் அது. அதற்கு முன் செங்குத்துப் பாதை என்றால் பிரேக் பிடிப்பதற்கென்றே நடுவில் பல்தண்டவாளம், அதாவது பற்கள் வைத்த தண்டவாளம் போடுவார்கள். இங்கே புக்கர், டூரர் என்ற இருவரின் நிறுவனம், தண்டவாளத்தின் தலையை இடுக்கி போலக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கைக் கொண்டுவந்தது. அதோடு பல்தண்டவாளச் செலவு ஒழிந்தது, பாதை போடுவது மலிவானது. 1970இல் மின்னல் தாக்கி உச்சியில் இருந்த ஓட்டல் எரிந்துபோனது. மேல் இரண்டு கட்டங்களுக்குப் பதிலாகப் பிறகு ரோப் கார் வந்தது. இப்போது கீழ்க் கட்டத்தில் பழைய திறந்த மரப் பெட்டியில் ஏறி, அங்கிருந்து மேல்தளம் திறந்த 2012ஆம் வருடக் கூண்டுக்கு மாறலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சரி, இவ்வளவு பேசிய பிறகு ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. இந்த வண்டிகளில் 'அசல்' எது? வடம் தேயும், அதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். பெட்டி உளுத்தால் புதிது கட்டுவார்கள். புடாபெஸ்ட் கோட்டைக் குன்றின் விஞ்ச் 1870இல் திறந்தது, இரண்டாம் உலகப் போரில் அழிந்தது, திரும்ப ஓடியது 1986இல். அது பழைய வண்டியா, புது வண்டியா? கல் கட்டடத்துக்கான அளவுகோலை இங்கே அப்படியே வைத்தால் எதுவும் தேறாது. ஆகவே நல்ல பதிவு என்பது எந்தப் பாகம் எப்போது மாறியது, ஏன் மாறியது, மாறும்போது இயங்கும் முறை மாறியதா என்று சொல்ல வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் லிஸ்பன். அங்குள்ள குளோரியா விஞ்ச் 1885இல் வந்தது, 2002இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. 2025 செப்டம்பர் 3 அன்று வடம் வண்டியோடு இணையும் இடத்தில் விட்டுப்போய், வண்டி கீழே பாய்ந்து மோதி 16 பேர் இறந்தார்கள். பாகங்களைக் கழற்றாமல் பார்க்கவே முடியாத இடம் அது. அங்கே பொருத்தியிருந்த வடம் பயணிகள் வண்டிக்குச் சான்று பெற்ற வகை அல்ல என்று விசாரணையில் வெளிவந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு மரபுப் பதிவேடுகளைப் பார்க்கும் என் கண்ணே மாறிவிட்டது. மஞ்சள் பெட்டியின் படத்தையும் பொறியாளர் பெயரையும் போட்டுவிட்டு, வடத்தின் வகை, அதன் முனை இணைப்பு, பிரேக் வடம் இல்லாமலும் தாங்குமா என்பதையெல்லாம் பராமரிப்புக்காரர்களின் கோப்போடு விட்டுவிடக் கூடாது. ஒரு நினைவுச்சின்னத்துக்குள் மனிதர்களை உட்காரவைத்துச் செங்குத்தில் இறக்குகிறோம் என்றால், அதன் தொழில்நுட்பத்தைத் தெரிந்து வைத்திருப்பதும் மரபைக் காப்பதில் சேர்ந்ததுதான்.

இப்போது குறைகள். பெரிய குறை, இந்தப் பதிவேட்டில் பெயர் வந்தால் மட்டும் ஒரு ஊர்தி பாதுகாக்கப்பட்டதாக ஆகாது. அனுமதி புதுப்பிக்கும் நேரத்தில் அதிகாரிகள் எடைபோட இது ஒரு ஆதாரம், அவ்வளவுதான். எடை எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு வைஸன்ஸ்டைன் ஒரு வலிக்கிற உதாரணம். சோலோதூர்ன் பக்கத்து ஜூரா மலையில் 1950இல் போட்ட நாற்காலி லிஃப்ட் அது. ஃபோன் ரோல் நிறுவனம் 1940களின் நடுவிலிருந்து செய்துவந்த வகை. இருவர் அருகருகே உட்காரலாம், முகம் போகும் திசையை நோக்கி இருக்காது, பக்கவாட்டில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி போகலாம். நிலையத்துக்குள் வரும்போது நாற்காலி வடத்திலிருந்து கழன்றுகொள்ளும், அதனால் நின்ற நாற்காலியில் பதறாமல் ஏறலாம். இன்று எல்லாப் பெரிய லிஃப்டிலும் சாதாரணமாக இருக்கும் இந்தக் கழன்று மாட்டும் பிடியைப் பரவலாக்கியதில் அந்த வகைக்குப் பெரிய பங்கு உண்டு. 2009இல் அனுமதி முடிந்து லிஃப்ட் நின்றது. காப்பாற்ற வேண்டும் என்று மரபுப் பாதுகாப்பு அமைப்பினர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். பதிவேடு வெளியான 2011இல் அந்த லிஃப்ட் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. 2014 டிசம்பரில் அதே மலையில் புதிய கூண்டு ரோப் கார் ஓடத் தொடங்கிவிட்டது. புதியது வசதியானது, சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் ஏறலாம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் பக்கவாட்டில் உட்கார்ந்து காட்டு மரங்களின் உச்சியை ஒட்டி மெதுவாகப் போன அந்தப் பதினாறு நிமிடத்தை எந்தப் பதிவும் திருப்பித் தராது.

இன்னொன்று மொழி. பதிவேட்டின் மொழி தெரியாதவர்கள் மொழிபெயர்ப்புச் செயலியோடுதான் உட்கார வேண்டும். வடம், கப்பி, பிடி பற்றிய சொற்களில் செயலி தடுமாறும், அதனால் படத்தையும் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

எனக்கு ஒரு தனி ஆசையும் உண்டு. ஊரி, நிட்வால்டன் என்ற சுவிஸ் மாநிலங்களின் மலைகளில் விவசாயிகளின் சின்னக் கூண்டு ஊர்திகள் நிறைய இருக்கின்றன. நாலு பேர் நெருக்கி உட்காரும் பெட்டிதான். பால் கேனும் வைக்கோலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில்தான் போகும். சிலவற்றில் கீழே உள்ள தொலைபேசியில் கூப்பிட்டால் மேலே பண்ணைக்காரர் இயக்கிவிடுவார். மலைக்குச் சாலை வந்த மறுநாளே இவற்றுக்கு வேலை போய்விடும். 1908இல் வெட்டர்ஹார்ன் மலையில் போட்ட, சுவிட்சர்லாந்தின் முதல் பயணிகள் ரோப் காரைப் பற்றி எழுத எப்போதும் ஆள் உண்டு, அதன் நிலைய இடிபாடுகளைக் கூட ரசிகர்கள் தேடிப் போகிறார்கள். பண்ணைக் கூண்டைப் பற்றி எழுத அந்தப் பண்ணைக்காரரை விட்டால் ஆள் இல்லை. ஆகவே இந்த வகைக்குத்தான் எந்தப் பதிவேட்டிலும் முதல் வரிசையில் இடம் வேண்டும் என்பேன், இயக்குகிறவரின் வாய்மொழியோடு சேர்த்து.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு, ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது வைஸன்ஸ்டைன்.

போகிறவர்களுக்கு இரண்டு நடைமுறைக் குறிப்புகள். மின் நிலையக் கட்டுமானத்துக்காக 1926இல் போட்ட கெல்மர் விஞ்ச், 106 சதவீதச் சரிவில் திறந்த வண்டியில் ஏறுவது, கோடை மாதங்களில் மட்டும்தான் ஓடிவந்தது. இப்போது ஓடுகிறதா என்று பார்க்காமல், முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஃப்ரிபூர் விஞ்சில் மேலிருந்து இறங்குவதாக இருந்தால் வண்டியின் கீழ்ப்பக்க ஓரமாக நில்லுங்கள், நடுவழியில் அடுத்த வண்டி எதிரே ஏறி வந்து விலகுவது அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். கீழே போனதும் உடனே நடந்துவிடாமல் தொட்டி காலியாகும் வரை நின்று கேளுங்கள்.