ஆல்பர்ட் டாக்கில் ஒரு பிற்பகல்

இருவராகச் சேர்ந்து பிற்பகலைக் கழிக்க லிவர்பூலில் ஓரிடம் கேட்டால், நான் ராயல் ஆல்பர்ட் டாக்கையே சொல்வேன். 1846-இல் மரச்சட்டங்களின்றி இரும்பாலும் செங்கல்லாலும் கல்லாலும் எழுப்பப்பட்டு, 1972-இல் மூடப்பட்டுச் சேறு மண்டிக் கிடந்த இந்தச் சரக்குத்துறை, 1988-இல் மீண்டும் திறக்கப்பட்டு, இன்று உணவகங்களும் காட்சிக்கூடங்களும் சூழ்ந்த நடைவெளியாக விளங்குகிறது. ஆற்றோரத் தடுப்புச் சங்கிலிகளில் காதலர்கள் மாட்டிச் சென்ற பூட்டுகள் நெருக்கமாகத் தொங்குகின்றன; துருவேறிய ஒன்றில் கீறப்பட்டிருந்த இரண்டு எழுத்துகளை விரலால் தடவித்தான் எங்களால் படிக்க முடிந்தது. உணவக விலை சற்று அதிகம்தான். காப்பியோடு நிறுத்திக்கொண்டு, அருகிலுள்ள பியர் ஹெட் படகுத்துறையிலிருந்து மெர்சி ஆற்றுப் படகில் ஏறுங்கள். கரையிலுள்ள லைவர் கட்டடத்தின் உச்சியிலிருக்கும் இரு பறவைச் சிலைகளும் மெல்லச் சிறுத்துப்போவதை மேல்தளத்தில் நின்று பார்க்க, கோடையிலும் கம்பளிச் சட்டை அவசியம்.