அப்பாவுக்கு எந்த கீமோ: பம்ப் மருந்தா, வாராந்திர மருந்தா?

அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 71. கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்து மஞ்சள் இறங்கிய பிறகுதான் கீமோ பற்றிய பேச்சே வந்தது. அதற்குள் கல்லீரலுக்கும் பரவியிருந்ததால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. டாக்டர் இரண்டு மருந்துக் கூட்டுகளைச் சொன்னார். ஒன்று பம்ப் மாட்டி வீட்டுக்கு அனுப்பும் ஃபோல்ஃபிரினாக்ஸ், இன்னொன்று வாராவாரம் ஏற்றும் ஜெம்சிடபினோடு அப்ராக்சேன். "வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். அதே போன்ற ஒரு வாரத்தில் இப்போது தவித்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எண்கள். 2011இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் ஃபோல்ஃபிரினாக்ஸ் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 11.1 மாதம், ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களுக்கு 6.8. 2013இல் வந்த இன்னொரு ஆய்வில் ஜெம்சிடபினோடு அப்ராக்சேன் சேர்த்தபோது 8.5, சேர்க்காதபோது 6.7. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் உடனே 11.1இலிருந்து 8.5ஐக் கழித்துப் போட்டுவிட்டார். அது சரியான கணக்கில்லை. இவை இரண்டு வேறு ஆய்வுகள், வேறு நோயாளிகள். பிரெஞ்சு ஆய்வில் 75 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. நன்றாக நடமாடுபவர்களை மட்டுமே எடுத்தார்கள். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள் என்பதையும் அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

செலவு எங்கள் முடிவை மாற்றவில்லை. மானியப் பிரிவில்தான் போனோம். இங்கே சிங்கப்பூரில் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் மருத்துவச் சேமிப்பான மெடிசேவும் எவ்வளவு கொடுக்கும் என்பது புற்றுநோய் மருந்துப் பட்டியலைப் பொறுத்தது. அதனால் மருந்தின் பெயரைச் சொல்லி மருத்துவச் சமூக ஊழியரிடம் கணக்குக் கேட்டுவிடுங்கள்.

சரி, முடிவு எங்கே திரும்பியது? அந்த மருத்துவச் சமூக ஊழியர் அப்பாவிடம் கேட்ட ஒரு கேள்வியில். "ஐயா, ஒரு சாதாரண நாளில் காலையிலிருந்து என்ன செய்வீர்கள்?" அப்பா யோசிக்கவே இல்லை. ஆறரைக்குக் கீழே இறங்கி, ஈசூனில் எங்கள் புளோக்குக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடையில் பால், சர்க்கரை இல்லாத ஒரு கோப்பி ஓ கோசோங், கப்பல் பட்டறையில் கூட வேலை பார்த்த இரண்டு பேரோடு ஒரு மணி நேரப் பேச்சு. அப்புறம் மார்க்கெட்டில் மீன். அந்தக் காலை எத்தனை நாள் கிடைக்கும் என்று பார்ப்போம் என்றார் அந்த ஊழியர். அன்றிலிருந்து நாங்கள் மாதங்களை விட்டு நாட்களை எண்ண ஆரம்பித்தோம்.

ஃபோல்ஃபிரினாக்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாற்காலியில் பல மணி நேரம் மருந்து ஏற்றிவிட்டு, மிச்சத்தை ஒரு சின்னப் பம்ப்பில் மாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். அது 46 மணி நேரம் ஓடும். முடிந்ததும் கழற்ற வேண்டும். மருத்துவமனையில்தான் கழற்றுவது என்றால் 28 நாளில் நான்கு பயணம். அப்ராக்சேன் கூட்டு வாரம் ஒருமுறை, மூன்று வாரம், நான்காவது வாரம் ஓய்வு. ஆக மூன்று பயணம். மருந்து ஏற ஒரு மணி நேரம் போலத்தான், ஆனால் ரத்தப் பரிசோதனை, டாக்டர், மருந்தகம் என்று அரை நாள் போய்விடும். பயணத்தில் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் கை கால்களில் இருந்தது. ஃபோல்ஃபிரினாக்ஸில் இருக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் குளிர்ச்சியை எதிரியாக்கிவிடும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும், ஃபிரிட்ஜில் கை வைத்தால் ஊசி குத்தும். ஐஸில் கிடக்கும் மீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வாங்கும் மனிதர் அப்பா. இருபது வருடச் சர்க்கரையில் பாதம் ஏற்கெனவே பாதி மரத்திருந்தது. வாந்தி, பேதி, அசதி எல்லாமே அதில் கூடுதலாக இருக்கலாம் என்று டாக்டரும் சொன்னார்.

அப்ராக்சேன் ஒன்றும் பூப்போல இல்லை. அதுவும் நரம்பைப் பிடிக்கும். நான்காவது சுற்றில் அப்பாவால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கீழிருந்து இரண்டாவது பொத்தானோடு ஐந்து நிமிடம் போராடிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். டாக்டர் அளவைக் குறைத்தார். முடி கொட்டியது. ஒருமுறை காய்ச்சலோடு இரவில் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ஆனாலும் அம்மா நாள்காட்டியில் அப்பா காப்பிக்கடைக்குப் போன நாட்களை வட்டமிட்டுக்கொண்டே வந்தார். 28 நாள் கொண்ட ஒரு சுற்றில் பதினாறு, அடுத்ததில் பதினைந்து, மோசமான சுற்றில் பன்னிரண்டு.

நாங்கள் பம்ப் மருந்தோடு வாழவில்லை. அதனால் அதில் இந்த வட்டங்கள் குறைந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிரெஞ்சு ஆய்விலேயே ஆறு மாதத்தில் வாழ்க்கைத் தரம் சரிந்தவர்கள் ஃபோல்ஃபிரினாக்ஸில் 31 விழுக்காடு, ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களில் 66. நோய் கட்டுக்குள் இருந்தால் உடம்பும் நிமிரும். வயது ஐம்பதுகளில், நல்ல தெம்போடு இருப்பவர்களுக்கும், கட்டி சுருங்கினால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருப்பவர்களுக்கும் என் அனுபவம் பொருந்தாது. பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். அதில் மாற்றம் இருந்தால் ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற பிளாட்டினம் கலந்த மருந்து நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு மாற்றம் இல்லை. அப்ராக்சேன் கூட்டை முதலில் எடுத்தால் பம்ப் மருந்துக்கான கதவு மூடிவிடுமோ என்று பயந்தேன். அப்படியில்லை, பிறகு அந்த வகை மருந்துக்கு மாற வழியுண்டு என்று டாக்டர் விளக்கினார்.

எந்த மருந்து எடுத்தாலும் இரண்டு விஷயம். சாப்பாட்டோடு எடுக்கும் கணைய நொதி மாத்திரையைச் சீக்கிரமே கேளுங்கள். எண்ணெய் மிதக்கும் மலமும் எடை இறக்கமும் அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு நின்றன. அது பன்றியிலிருந்து எடுப்பது. முஸ்லிம் நண்பர்கள் முதலிலேயே டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம். அடுத்து, வலித் தணிப்புக் குழுவைக் கடைசி நாளுக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். அப்பாவின் முதுகுவலியை அடக்கித் தூங்க வைத்தது அவர்கள்தான்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முதல் சந்திப்பில் டாக்டர் "குணப்படுத்த முடியாது" என்றதை நான் அப்பாவிடம் "கட்டுப்படுத்தலாம்" என்று மாற்றிச் சொன்னேன். பின்னால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும் என்று முன்பே பேசிவைக்கும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் பற்றிப் பேச உட்கார்ந்த அன்று, தமிழ் பேசும் தாதி ஒருவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியும்யா. நீ சொல்லியிருக்கணும்" என்றார். அந்தக் கூட்டத்தில்தான் மருந்தை அவரே தேர்ந்தெடுத்தார். நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்று மேலே எழுதியது முழு உண்மையில்லை.

போன வார ஸ்கேனில் கல்லீரல் புள்ளிகள் பெரிதாகவில்லை. அடுத்த சுற்று தீபாவளி வாரத்தில் வருகிறது. ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று அப்பா தமிழிலேயே டாக்டரிடம் கேட்டார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். தள்ளலாம் என்றார் டாக்டர். தள்ளினால் என்ன ஆகக்கூடும் என்பதையும் சொன்னார். அதையும் அப்படியே சொன்னேன்.