மெட்டாவா, அமிலக் கிருமிநீக்கியா? ஒயின் பாத்திரங்களுக்கு எது தோது

வீட்டில் ஒயின் போடுபவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் கையில் எடுக்கிறார்கள்: பிளீச், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் (சுருக்கமாக மெட்டா), இல்லையென்றால் ஸ்டார் சான் போன்ற பாஸ்பாரிக் அமிலக் கிருமிநீக்கி. நான் ரொம்ப காலம் மெட்டாவைப் பயன்படுத்திவிட்டு இப்போது அமிலத்துக்கு மாறிவிட்டேன். திரும்பிப் போகும் எண்ணமில்லை.

இவற்றில் எதுவுமே அழுக்கை எடுக்காது. குடுவைக் கழுத்தில் காய்ந்து ஒட்டிய நுரை வளையம், சைஃபன் குழாயின் வளைவில் தங்கிய மண்டி எல்லாவற்றையும் வெந்நீரில் சோடியம் பெர்கார்பனேட் கரைத்து ஊறவைத்து நீக்கிய பிறகுதான் கிருமிநீக்கிக்கு வேலை.

பிளீச் மலிவு, கிருமியையும் கொல்லும். ஆனால் ஸ்டீலை அரிக்கும். திரும்பத் திரும்ப அலச வேண்டும். மிச்சமிருக்கும் குளோரின் கார்க்கிலோ மரத்திலோ பட்டு, அங்கே பூஞ்சையும் இருந்தால் டிசிஏ (ஒயினைக் கெடுக்கும் ஒரு குளோரின் சேர்மம்) உருவாகும். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், ஒயினில் நனைந்த அட்டை வாடை வந்துவிடும். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால், மற்ற இரண்டின் பக்கத்தில்கூட அதை வைக்காதீர்கள்.

மெட்டாவை ஒயினில் சேர்ப்பதற்காக எப்படியும் வாங்கியிருப்போம். அதுதான் அதன் பெரிய வசதி. லிட்டருக்கு 10 கிராம் அளவில் கரைத்து, கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் வீரியம் கூடும். வேலை செய்வது அதிலிருந்து வரும் சல்பர் டையாக்சைடு. அந்த நெடி தொண்டையைப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

நெடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற வைத்தது காத்திருக்கும் நேரம். மண்டியை விட்டுத் தெளிவை அடுத்த குடுவைக்கு மாற்றும் நாளில் இரண்டு கையும் பிசுபிசுவென்று இருக்கும். ஒயின் பாதி இறங்கிய நேரத்தில் குழாயின் முனை நழுவித் தரையில் படும், இல்லை அடைப்பான் உருண்டு ஓடும். மெட்டா என்றால் 10 முதல் 20 நிமிடம் நனைத்து வைக்க வேண்டும். பாதி காலியான குடுவை அதுவரை காற்றுப் பட்டுக்கொண்டு நிற்கும். ஒயினை வினிகராக்கும் பாக்டீரியாவான அசெட்டோபாக்டருக்குத் தேவையானது அந்தக் காற்றுதான். அமிலக் கரைசல் ஸ்பிரே பாட்டிலில் தயாராக இருந்தால் நன்றாக நனையும்படி அடித்து, ஓரிரு நிமிடம் ஈரமாக விட்டு, அப்படியே செருகிவிடலாம். அலசவும் வேண்டாம். சுத்தம் செய்த குழாயைத் திரும்பவும் சாதாரணத் தண்ணீரில் காட்டுவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது.

அளவு லிட்டருக்கு 1.5 மில்லிதான். நுரை நிறைய வரும். அந்த அளவில் கலந்திருந்தால் நுரைமேலேயே ஒயினை ஊற்றலாம். உப்புத் தண்ணீரில் கரைசல் சீக்கிரம் கலங்கிவிடுகிறது, அதனால் நான் காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் கலக்கிறேன். பழைய கரைசலைப் பிஎச் தாளில் தொட்டுப் பார்த்து, 3க்கு மேல் போயிருந்தால் கொட்டிவிடுவேன்.

அயோடின் கலந்த கிருமிநீக்கியான அயோடோஃபோரை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. பிளாஸ்டிக் குழாயைப் பழுப்பாக்கும் என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன். மரப்பீப்பாய் வைத்துப் பழகியதும் இல்லை. காலிப் பீப்பாயை மெட்டாவும் சிட்ரிக் அமிலமும் கலந்த நீரால் நிரப்பி வைப்பதுதான் வழக்கம், அந்த இடத்தில் மெட்டாவையே வைத்துக்கொள்ளுங்கள்.